வாழைக்குடிற் புலவர் பாஷோ

பாடுவோர் இருதிறத்தினர். தம் உள்ளத்தெழுந்த உணர்ச்சியை இயற்கையின்மேல் ஏற்றிப் பாடுவோர் ஒரு திறத்தினர்; இயற்கையின் செயலைத் தம் உள்ளத்தே ஏற்று, அது பாடுவிக்கப் பாடுவோர் மற்றொரு திறத்தினர். முன்னவர்க்கு மலரும் மதியும் உவமைப் பொருள்கள். பின்னவர்க்கோ அவை ஆசிரியர்கள். இப்பின்னவருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜப்பான் நாட்டுப் புலவராகிய மட்சுவோ பாஷோ என்பவர்.

ஹைக்கூ என்னும் மூன்றடிச் சிறுபா இன்று உலகின் பல மொழிகளிலும் வழங்குகின்றது. பாரதியார் 1916ஆம் ஆண்டில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்து இப்பாவகையின் சிறப்பைத் தமிழர்க்கு உணர்த்தினார். அதன்பின் காலஞ்செல்லச் செல்லத் தமிழிலும் ஹைக்கூ வேரூன்றிப் பல்கிற்று. ஆயின், சொற்சிலம்பமும் திடுக்கிடச் செய்யும் ஈற்றடியும் அமைந்துவிட்டால் ஹைக்கூ பிறந்துவிட்டதென்று கருதுவாரும் நம்முள் உளர். மூன்றடியின் உள்ளே நின்று அதனை உயிர்ப்பிப்பது யாது? அதனைப் பாஷோ எவ்விடத்துக் கண்டார்? அதன் பொருட்டு அவர் எவற்றையெல்லாம் இழந்தார்? இவ்வினாக்களுக்கு அவர்தம் வாழ்க்கையே விடையாதலின், அதனை இயன்றவளவு சுருக்கி ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

ஜப்பான் நாட்டின் நடுப்பகுதியில் இகா என்பது மலைகள் சூழ்ந்த ஒரு சிறு நாடு. அதன்கண் உள்ள உவேனோ என்னும் ஊரில், தாழ்ந்த நிலையிலிருந்த வீரர் குடியொன்றில், 1644ஆம் ஆண்டில் பாஷோ பிறந்தார். பாஷோ என்பது இயற்பெயரன்று. அது பிற்காலத்தில் ஒரு மரத்தால் வந்த பெயர். அவ்வரலாற்றைப் பின்னர்க் காண்போம். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு நிரம்பும் முன்னரோ பின்னரோ, 1656இல், தந்தையார் இறந்தார். பின்னர் அவர் அவ்வூர்க் கோட்டைத் தலைவரின் மைந்தனாகிய டோடோ யோஷிதாதா என்னும் இளைஞனுக்கு ஏவலராய் அமர்ந்தார். தலைவன் மைந்தனும் ஏவலனும் ஏறக்குறைய ஒத்த வயதினர். இருவர்க்கும் கவிதையில் ஒத்த வேட்கை. ஆதலின் ஆண்டான் அடிமை என்னும் வேற்றுமை நீங்கி, இருவரும் கிடமுரா கிகின் என்னும் கியோட்டோ நகரப் புலவரின் நெறியில் நின்று பாப்புனையப் பயின்றனர்.

அக்காலத்துப் பாவகையைப் பற்றி ஒருசிறிது கூறுதல் வேண்டும். புலவர் பலர் ஓரிடத்துக் கூடியிருந்து ஒரு தொடர்ப்பாவை இயற்றுதல் அந்நாட்டு வழக்கம். முதற்புலவர் 5, 7, 5 என 17 அசைகளில் ஒரு தலைப்பாவைப் பாடுவார். அடுத்தவர் 14 அசைகளில் அதனைத் தொடர்வார். மீண்டும் 17, மீண்டும் 14 எனப் பாடல் நீண்டு செல்லும். தலைப்பாவில் அக்கூட்டம் நிகழும் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று அமைந்திருத்தல் மரபு. இத்தலைப்பாவே தொடரினின்றும் பிரிந்து தனித்து நிற்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசவோக்கா ஷிக்கி என்னும் புலவர் அதற்கு ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். பாஷோ இளைஞராயிருந்த நாளில் இத்தொடர்ப்பா பெரும்பாலும் சிலேடையும் நகையும் மலிந்த ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. அவரும் அவ்விளையாட்டில் வல்லவராகவே தொடங்கினார்.

1666ஆம் ஆண்டில் யோஷிதாதா இளமையிலேயே இறந்துபட்டான். நண்பனும் தலைவனும் ஒருவனாகவே இருந்த அவனை இழந்தபோது பாஷோவிற்கு வயது 22. வீரர் குடியில் ஏறி உயர்வதற்கு இருந்த ஏணி அன்றே முறிந்தது. அவர் அப்பணியை விட்டு நீங்கினார். 1672இல் தம் முதல் தொகைநூலை ஊர்க்கோயிலில் வைத்து வணங்கிவிட்டு, இந்நாளில் டோக்கியோ என வழங்கும் எடோ மாநகர்க்குச் சென்றார். ஆண்டுச் சில காலம் நகர்க்கு நீர் கொணரும் கால்வாய்ப் பணியில் அலுவல் பார்த்துக்கொண்டே பாடல் கற்பித்து வந்தார். மாணாக்கர் பெருகினர், செல்வர் வீட்டுக் கூட்டங்களில் பாடல்களுக்கு மதிப்பிடும் ஆசிரியர் என்னும் புகழும் வந்தெய்திற்று. அவ்வழியே நின்றிருப்பின் வளமான வாழ்வு அவருக்கு உறுதி. ஆயினும் 1680ஆம் ஆண்டில் அவர் அவையனைத்தையும் விட்டு, சுமிதா ஆற்றின் கீழைக்கரையில் ஃபுக்காகவா என்னும் ஒதுக்கிடத்திலிருந்த சிறு குடிலிற் குடிபுகுந்தார்.

மறு ஆண்டில் ரிக்கா என்னும் மாணாக்கர் ஒரு வாழைக்கன்றைக் கொணர்ந்து குடிலின் முற்றத்தில் நட்டார். கன்று தழைத்தோங்கிற்று. அயலார் அவ்விடத்தை வாழைக்குடில் என்று வழங்கலாயினர். வாழைக்கு ஜப்பானிய மொழியிற் பாஷோ என்பது பெயர். குடிலின் பெயரே நாளடைவில் குடிலில் வாழ்ந்தார்க்கும் ஆயிற்று.

வாழை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன இலையும் பூவும் காயும் கனியும் தண்டும் நாருமாம். தன் உறுப்பனைத்தாலும் பயன்படுவது நம் வாழை. ஆனால் பாஷோவின் வாழை அத்தகையதன்று. அந்நாட்டுக் குளிரில் அஃது உண்ணத்தகும் கனியைத் தருவதில்லை. அதன் தண்டு வீடு கட்ட உதவாது. அதன் அகன்ற இலை காற்றில் எளிதிற் கிழிந்து நார் நாராய்த் தொங்கும். பயனில்லாத மரம் கோடரிக்குத் தப்பி நெடிது வாழ்ந்தமையைச் சீன ஞானியாகிய சுவாங் ஸு கூறிய கதையைப் பாஷோ விரும்பிப் பயின்றவர். ஆதலின் பயனின்மை கருதியே அவ்வாழையை அவர் நேசித்தார். மழை இலையில் விழும் ஓசையைக் கேட்டும், புயலில் அது கிழிவதைக் கண்டும் இரவுகளைக் கழித்தார். தளிர்க்கச் செய்யும் ஆற்றல் எதுவோ அதுவே கிழிக்கவும் செய்கின்றது என்னும் உண்மையை அவர்க்கு முதலிற் கற்பித்த ஆசிரியர் அவ்வாழையே எனலாம்.

அப்பாடம் ஏட்டளவில் நிற்கவில்லை. 1682ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எடோ நகரைப் பெருந்தீ சூழ்ந்தது. குடில் எரிந்து சாம்பராயிற்று. மறு ஆண்டில் ஊரிலிருந்த அன்னையார் இறந்த செய்தி வந்தது. நண்பர்கள் பொருள் திரட்டிப் புதிய குடில் ஒன்று கட்டித் தந்தனர். ஆயின் அவர் அதிலே நிலைத்திருக்க விரும்பவில்லை. 1684ஆம் ஆண்டின் கூதிர்ப்பருவத்தில், வழியிலே இறந்து தம் எலும்பு வெயிலிற் கிடந்து வெளுக்கினும் வெளுக்குக என்னும் துணிவோடு, மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அப்பயணத்தில் நிகழ்ந்ததாக அவரே எழுதிவைத்த ஒரு செய்தி படிப்போர் நெஞ்சை இன்றும் வருத்துவது. ஃபூஜி ஆற்றங்கரையில், பெற்றோராற் கைவிடப்பட்ட குழந்தையொன்று, இரண்டு வயதினும் மிகாதது, அழுதுகொண்டிருந்தது. பாஷோ தம் கையிலிருந்த உணவை அதற்கு எறிந்துவிட்டு நடந்தார். இது தந்தையின் பகையுமன்று, தாயின் வெறுப்புமன்று, விண்ணின் செயல் என்று எண்ணிச் சென்றதாக எழுதினார். அறிஞர் சிலர் இந்நிகழ்ச்சியைப் புனைவென்று கருதுவர். புனைவேயாயினும், தம்மை இவ்வாறு இரக்கமற்றவராகக் காட்டும் ஒன்றை ஒரு புலவர் ஏன் எழுதவேண்டும்? யான் இதனைப் பன்முறை படித்தும் அவர் செயலை என் நெஞ்சு ஒப்பவில்லை. அக்குழந்தையை எடுத்துச் சென்றிருக்கலாகாதா என்னும் வினா ஒவ்வொரு முறையும் எழுகின்றது. ஆயின் அவரும் அதனை ஒப்பினாரல்லர் என்றே தோன்றுகின்றது. ஏனெனில், அவ்விடத்து அவர் இயற்றிய பா துயரத்தை அழகென்று பாடிய பழம்புலவரையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது. அவர்களோடு தம்மையும் நிறுத்துவது. இயற்கையின் போக்கு இதுவென்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல்லுக்குப் பின்னும் குழந்தையின் அழுகை ஓய்வதில்லை. அவ்வழுகையை மறைக்காமல் ஏட்டில் விட்டுச்சென்றமையே பாஷோவின் நேர்மை.

அங்கிருந்து அவர் பிறந்த ஊரை அடைந்தார். தமையனார் ஒரு சிறு பையைத் திறந்து, அன்னையாரின் நரைமயிரை எடுத்து அவர் முன் வைத்தார். நெடுநாள் ஊர்திரும்பாத மகனுக்கு எஞ்சியிருந்த தாய் அதுவே.

நிற்க. 1686ஆம் ஆண்டில் அவர் பாடிய தவளைப் பாவினை அறியாத ஹைக்கூ அன்பர் இலர். ஜப்பானியப் புலவர் பல நூற்றாண்டுகளாகத் தவளையைப் பாடிவந்தனர். ஆயின் அவர்க்கெல்லாம் தவளையின் குரலே பாடுபொருள். பாஷோ குரலை விடுத்து, பழையதொரு குளத்தின் அமைதியையும் தவளை பாயுங்கால் நீரெழுப்பும் ஓசையையும் கேட்டார். அவர் பாவிற் சிலேடையில்லை, உவமையில்லை, அறிவுரையில்லை, பாடுவோனும் இல்லை. ஒரு நொடியில் உலகம் தானே செய்த ஒன்றை, அது செய்தவாறே வாங்கிக்கொண்ட செவி மட்டும் உண்டு. பொழுதுபோக்காயிருந்த பாவகை அன்று ஒரு வாழ்நெறியாயிற்று.

அந்நெறியின் பொருளை 1687ஆம் ஆண்டில் தொடங்கிய மற்றொரு பயணத்தைப் பற்றிய தம் நூலில் அவர் விளக்கினார். பாடலிற் சைகியோவும், தொடர்ப்பாவிற் சோகியும், ஓவியத்திற் செஷ்ஷூவும், தேநீர்க் கலையில் ரிக்யூவும் காலத்தால் வேறுபட்டவர்; தொழிலால் வேறுபட்டவர். எனினும் அந்நால்வரையும் ஊடுருவி ஓடும் சரடு ஒன்றே என்பது அவர் துணிபு. அச்சரடு ஸோகா எனப்படுவது. இது சீன நூல்களினின்று ஜப்பானியர் ஏற்றுக்கொண்ட சொல். ஆக்குதல், மாற்றுதல் என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துக்களால் ஆயது. மலையும் மரமுமாய்க் கிடக்கும் இயற்கைக் காட்சியை அது குறியாது. அவற்றை ஓயாது ஆக்கியும் மாற்றியும் வரும் படைப்பாற்றலையே குறிக்கும். உலகிற்குப் புறம்பே நின்று அதனைப் படைத்த ஒருவரைக் குறிப்பதுமன்று. உலகினுள்ளே நின்று தானே ஆகித் தானே மாறும் ஆற்றலே அது. கலைஞன் அவ்வாற்றலைப் பின்பற்றி, நான்கு பருவங்களையும் தோழராகக் கொண்டு வாழ்தல் வேண்டும் என்பதும், அதனினின்று விலகியவன் மனிதத் தன்மையினின்றே விலகியவன் என்பதும் பாஷோவின் கருத்து.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியத்திற் பயின்ற நமக்கு இக்கருத்து முற்றிலும் அயலானதன்று. ஆயின் நம் அகப்பாடல்களில் முதலும் கருவும் மக்களின் உரிப்பொருட்கு நிலைக்களமாய் நிற்கின்றன. பாஷோவிடத்திலோ பொழுதே உரிப்பொருளாகின்றது. மனிதன் அதனுள் ஒரு கருப்பொருளாய் அமைகின்றான். இவ்வேற்றுமையை உணர்ந்தாலன்றி ஹைக்கூவின் சுவை நமக்குப் புலனாகாது.

1689ஆம் ஆண்டில் அவர்தம் பெரும்பயணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு சைகியோ மறைந்த ஐந்நூறாவது நினைவாண்டாகக் கருதப்பட்டது. பாஷோ தம் குடிலைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டு, சோரா என்னும் மாணாக்கரைத் துணையாகக் கொண்டு, மே மாதத்தில் வடநாட்டை நோக்கிப் புறப்பட்டார். வயது 45, உடலோ நோயுற்றது. ஏறக்குறைய 150 நாட்கள், 2,400 கிலோமீட்டர் தொலைவு, பெரும்பாலும் கால்நடையாகவே அப்பயணம் நடந்தது. மட்சுஷிமாவில் கடலிடைச் சிதறிய தீவுகளைக் கண்டார். யாமதேரா என்னும் மலைக்கோயிலில் சிள்வண்டின் ஒலியினூடே பாறையின் அமைதியைக் கேட்டார். மழையாற் பெருகிய மொகாமி ஆற்றிற் படகேறிச் சென்றார்.

ஹிரைசுமி என்னும் இடத்தில் அவர் நெடுநேரம் அமர்ந்து அழுதார். மூன்று தலைமுறை சிறந்து விளங்கிய ஃபுஜிவாரா குடியினரின் தலைநகர் அது. 1189ஆம் ஆண்டில் யோஷித்சுனே என்னும் பெருவீரன் மாண்டதும் அங்கேயே. பாஷோ சென்றபோது கோட்டையில்லை, கொற்றமில்லை. வேனிற்காலத்துப் புல் மட்டும் அடர்ந்திருந்தது. வாழையிலையிற் கண்ட உண்மையை அவர் அங்கு ஒரு நாட்டின் அளவிற் கண்டார். புல்லை வளர்க்கும் ஆற்றல் வீரர்தம் கனவைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் புல்லின்மேல் அவர்க்குச் சினமில்லை. அழுகை மட்டுமே இருந்தது. இப்பயணத்தின் வரலாற்றை ஐந்து ஆண்டுகள் செப்பனிட்டு அவர் எழுதிய ஓக்கு நோ ஹொசோமிச்சி என்னும் நூல், அவர் மறைந்த பின்னர் 1702இல் அச்சேறி, ஜப்பானிய இலக்கியத்தின் மணிமுடிகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது.

மாணாக்கர்க்கு அவர் கற்பித்தது யாதெனின், தேவதாருவைப் பற்றி அறிய விழைவோன் தேவதாருவினிடமும், மூங்கிலைப் பற்றி அறிய விழைவோன் மூங்கிலினிடமும் செல்லவேண்டும் என்பதே. தன் எண்ணத்தை முன்னரே வைத்துக்கொண்டு பொருளை அணுகுவோன் பாடுவது அப்பொருளையன்று, தன்னையே. இப்போதனையைத் தோஹோ என்னும் மாணாக்கர் எழுதிவைத்துள்ளார்.

1691ஆம் ஆண்டின் இறுதியிற் பாஷோ எடோவிற்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு பழைய இடத்தினருகே நண்பர் புதுக்குடில் அமைத்துத் தந்தனர். வாழையும் அங்கு இடம்பெயர்த்து நடப்பட்டது. தோயின் என்னும் மருகன் நோயுற்று அக்குடிலிலேயே கிடந்தான். உலகைத் துறந்தவர் போலக் கரிய உடை தரித்துத் திரிந்த அப்புலவர், மருந்தும் உணவும் தேடி, கடன்பட்டு, அவனைப் பேணினார். எனினும் 1693ஆம் ஆண்டின் இளவேனிலில் அவன் இறந்தான். அவ்வாண்டிலேயே அவர் ஒரு திங்களளவும் வாயிற்கதவை அடைத்துக்கொண்டு எவரையும் காணாதிருந்தார். ஃபூஜி ஆற்றங்கரையில் நடந்து சென்றவர், தம் குடிலில் இறக்கும் ஓர் இளைஞனின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகும் என்பது என் கருத்தன்று. இயற்கையைப் பின்பற்றுதல் என்பது துயரினின்று விலகி நிற்றல் அன்று என்பதையே இது காட்டுகின்றது.

அதன்பின் அவர் பாடல்களிற் புதியதோர் எளிமை காணப்படுகின்றது. அண்டை வீட்டார், அடுக்களை, காய்கறி, கூலியாள் ஆகிய அன்றாடப் பொருள்களே போதுமாயின. அவ்வெளிமையை அவர் கருமி என்று வழங்கினார். பாரமின்மை என்பது அதன் பொருள். ஆழமற்ற ஆற்றில் மணல் தெளியக் காண்பது போன்றதாம் அது.

1694ஆம் ஆண்டில் மீண்டும் மேற்கே புறப்பட்டவர், மாணாக்கர் இருவர்க்குள் நிகழ்ந்த பூசலைத் தீர்க்கும் பொருட்டு ஒசாகா நகர்க்குச் சென்று, ஆண்டு நோய்வாய்ப்பட்டார். பூ வணிகர் ஒருவர் வீட்டு அறையில் அவரைக் கிடத்தினர். மாணாக்கர் பல ஊர்களினின்றும் விரைந்து வந்து சூழ்ந்தனர். இறப்பதற்கு நான்கு நாள் முன்னர் ஒரு பாவை எழுதுவித்தார்; அதன் பின்னரும் பழைய பா ஒன்றைத் திருத்தினார். சாங்காலத்தும் பாடலின்மேற் பற்று நீங்காதது தவறென்று தம்மையே கடிந்துகொண்டார்; ஆயினும் பற்று நீங்கவில்லை. நவம்பர் 28ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில், உயிர்நீத்தார். மாணாக்கர் அவருடலை யோதோ ஆற்றின் வழியே படகிற் கொண்டுசென்று, அவர் விரும்பியவாறே பிவா ஏரியின் அருகே ஓட்சு நகரில் கிச்சூஜி என்னும் கோயிலில் அடக்கம் செய்தனர்.

இதுகாறும் கூறியவாற்றால் விளங்குவது யாது? ஹைக்கூ குறுகியிருப்பது புலவன் சொற்சிக்கனம் காட்டுதற்கன்று. அவன் விலகி நின்று, ஆக்கி மாற்றும் ஆற்றலுக்கு இடம் விடுதற்கே. நண்பனையும் குடிலையும் அன்னையையும் மருகனையும் வாங்கிக்கொண்ட அதே ஆற்றலைத்தான் பாஷோ தம் ஆசிரியராகவும் தோழராகவும் கொண்டார். அதனிடத்து அவர் ஆறுதல் கேட்டாரல்லர்; அதனை உண்மையோடு நோக்குதற்கான கண்ணையே கேட்டார். அக்கண் இல்லாதார்க்கு மூன்றடி எழுதுதல் எளிது. உடையார்க்கோ ஓரடியும் அரிது.

அன்பர்களே, நம்முட் பலர் ஹைக்கூ எழுதுகின்றோம். அடுத்தமுறை எழுதுகோலை எடுக்குமுன், நாம் பாடப்புகும் மரத்தினருகே சிறிதுபோது சென்று நிற்போமாக. அதன் தளிரை மட்டுமன்றிக் கிழிந்த இலையையும் காண்போமாக. அதனடியில் யாரேனும் அழுவாராயின், அவ்வழுகையைக் கேளாதவர்போல் நம் பாட்டைத் தேடிச் செல்லாதிருப்போமாக.